கப்பலில் போகும் பிள்ளைக்குத் தள்ளுவண்டி வேண்டுமா?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது திருவையாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்து கேட்டார்.

"ஏம்மா, எம் மக சிங்கப்பூர்லேருந்து பேரனோட வர்றா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலை. நாகப்பட்டினத்துலேருந்து கப்பல்ல யாழ்ப்பாணம் போயி, நல்லூர் முருகனைப் பாத்துட்டு வரலாம்னு சொல்றா. பேரனுக்கு ஒன்றரை வயசு. தள்ளுவண்டிய எடுத்துட்டு வரட்டுமான்னு போன்ல கேக்குறா. நான் என்ன சொல்றது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "காய்கறி விக்கிற தள்ளுவண்டியாக்கா?" என்றார் ஒருவர். "நாமல்லாம் இடுப்புல தூக்கி வளக்கலையா?" என்றார் இன்னொருவர்.

அக்கா சிரிக்கவில்லை. "இடுப்புல தூக்கித்தான் மூணு பிள்ளைய வளத்தேன். நடவுக்கும் போனேன். இப்ப அந்த இடுப்புதான் போச்சு. பேரனைத் தூக்க முடியலைன்னா நான் வீட்டுலயே இருந்துட வேண்டியதுதான்" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. மூலையில் இருந்த ஒரு இளம் உறுப்பினர் மெல்லச் சொன்னார்: "கன்னியாகுமரி டூருக்கு நான் வராததும் அதாலதான்க்கா. ரெண்டு வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி வர்றதுன்னு பேரு கொடுக்கலை."

பார்த்தீர்களா? வெளிநாட்டு வண்டியைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தது. ஆனால் யார் வெளியே போகலாம், யார் வீட்டில் தங்க வேண்டும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறோம்.

நாகைக் கப்பல்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நின்றுபோயிருந்த பயணிகள் கப்பல் சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து மீண்டும் புறப்பட்டது. அந்தக் கப்பலின் பெயர் செரியபாணி. மழைக்காலம் வந்ததால் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. சுமார் 150 பேர் போகலாம். யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள காங்கேசன்துறைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 4 மணி நேரம்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகவே எந்த மாதம் போவதானாலும் கப்பல் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இது வெளிநாட்டுப் பயணம். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அக்காவின் பேரன் போல வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள குழந்தை என்றால், திரும்ப நாகப்பட்டினத்தில் இறங்குவதற்கு அதன் விசா செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டி எப்படி வந்தது?

குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி இங்கிலாந்தில் பணக்கார வீடுகளில்தான் முதலில் வந்தது. பெரிய சக்கரம், கனமான கூடை. தூக்கவே ஆள் வேண்டும். 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர் குடை போல மடிக்கும் வண்டியை வடிவமைத்தார். அவர் விமானச் சக்கர அமைப்புகளைச் செய்தவர். தன் மகள் குழந்தையோடும் கனமான வண்டியோடும் பயணத்தில் படும் சிரமத்தைப் பார்த்துவிட்டு, அலுமினியக் குழாயில் 3 கிலோவுக்கும் குறைவான எடையில் ஒன்றைச் செய்தார். பேரப்பிள்ளைக்காக ஒரு தாத்தா யோசித்தது அது. இன்று உலகம் முழுவதும் மடக்கு வண்டி இருக்கிறது.

சிங்கப்பூரில் அந்த வண்டி இல்லாமல் தாய்மார்கள் வெளியே கிளம்புவது குறைவு. அங்கே நடைபாதை வழவழப்பாக இருக்கும். ரயில் நிலையத்தில் லிஃப்ட் இருக்கும். நம் ஊரில் வரப்பு, வாய்க்கால் மதகு, பஸ் படி. வண்டி நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அது போகிற தரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு எடைக் கணக்கு

குழுவில் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறோம். இதற்கும் போடுவோம்.

ஒன்றரை வயதுக் குழந்தை ஏறக்குறைய 10, 11 கிலோ இருக்கும். லேசான மடக்கு வண்டி 6, 7 கிலோ. பால் பாட்டில், மாற்றுத்துணி, சோறு, தண்ணீர் உள்ள பை 5 கிலோ. கூட்டினால் 21 முதல் 23 கிலோ. அதாவது ஒரு அரிசிச் சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தரையில் தள்ளும்போது இந்த எடை தெரியாது. ஆனால் படி வந்துவிட்டால்? கப்பலில் ஏறும் சாய்வுப் பலகை வந்துவிட்டால்? அப்போது குழந்தை ஒரு கையில், மடக்கிய வண்டி ஒரு கையில், பை தோளில். கைப்பிடியைப் பிடிக்கக் கை ஏது? பெரிய வண்டியாக இருந்தால் அது மட்டுமே 12 கிலோவுக்கு மேல் இருக்கும்.

ஆகவே வண்டியின் விலையையோ அழகையோ பார்க்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். வழியில் படி எத்தனை? நம்மோடு வரும் கை எத்தனை?

எங்கே உதவும், எங்கே உதவாது?

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் போகிறோம். அலையில் படகு மேலும் கீழும் ஆடும். இறங்கியதும் படிகள். இங்கே வண்டி பாரம்தான். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பரில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்திருக்கிறார்கள். பாலம் சமதளம் என்று நினைத்து வண்டியைக் கொண்டுபோனால், பாலத்துக்குப் போகும் முன்பே படகிலும் படியிலும் அதைத் தூக்க வேண்டியிருக்கும்.

சுவாமிமலையில் 60 படி. அங்கேயும் வண்டி வேண்டாம். வேளாங்கண்ணிக் கடற்கரையிலும், நல்லூர்த் திருவிழாவில் கோயில் வீதி மணலிலும் சிறு சக்கரம் புதைந்துவிடும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 முதல் உல்லாசக் கப்பல்கள் போய்வந்திருக்கின்றன. அதுபோன்ற பெரிய கப்பலில் இரவும் தங்குவார்கள். உள்ளே நீளமான நடைபாதை, லிஃப்ட் எல்லாம் உண்டு. அங்கே வண்டி நிறைய உதவும். ஆனால் தங்கும் அறை குறுகல். விரித்தபடி வண்டியை நிறுத்தினால் கட்டிலுக்குப் போக வழி இருக்காது. அதற்கும் மடக்கு வண்டிதான் சரி. சில ஊர்களில் பெரிய கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும். சிறு படகில் மாற்றி இறக்குவார்கள். அந்த நேரத்தில் வண்டியைக் கப்பலிலேயே விட்டுவிடுவது நல்லது.

நாகைக் கப்பல் இரண்டுக்கும் நடுவில். 4 மணி நேரமும் இருக்கையில்தான் உட்காரப் போகிறோம். கடலில் போகும்போது வண்டிக்கு வேலை இல்லை. ஆனால் ஏறும் முன் வரிசை, சோதனை, காத்திருப்பு. இறங்கிய பிறகும் அதே. குழந்தை தூங்கிவிட்டால் அந்த நேரத்தில்தான் இடுப்பு ஒடியும். வண்டி அதற்குத்தான் கைகொடுக்கும்.

நாங்கள் கண்ணால் பார்த்தது

சென்ற ஆண்டு ஒரு படகுத்துறையில் வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு தாய் டிக்கெட் எடுக்கப் பையைத் திறந்தார். கை எடுத்த நொடியில் குழந்தையோடு வண்டி நகர்ந்தது. தரை சமமாகத்தான் தெரிந்தது. ஆனால் தண்ணீர் வடிவதற்காக லேசான சரிவு இருந்திருக்கிறது. நாலடி உருண்டதும் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காலை நீட்டித் தடுத்துவிட்டார். அந்தத் தாய் அழுதுவிட்டார். எங்களுக்கும் கை நடுங்கியது. படகுத்துறையின் எந்தச் சரிவும் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

வண்டி எடுத்துப் போகிறவர்கள் இவற்றை மறக்க வேண்டாம்:

1. நின்றவுடன் பிரேக் போடுங்கள். பிரேக் போட்டாலும் ஒரு கை வண்டியில் இருக்கட்டும்.

2. இடுப்பு வாரையும் தோள் வாரையும் மாட்டுங்கள். "கொஞ்ச தூரந்தானே" என்று விடாதீர்கள்.

3. கைப்பிடியில் பையைத் தொங்கவிடாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்னால் சாயும். குழந்தை உட்கார்ந்திருக்கும்போதே சாய்வதும் உண்டு.

4. வெயிலுக்கு என்று துண்டால் வண்டியை மூடாதீர்கள். உள்ளே காற்று இல்லாமல் சூடு ஏறிவிடும். நிழலில் நிறுத்துங்கள், குடை பிடியுங்கள்.

5. படியிலும் ஏறும் பலகையிலும் குழந்தையை உட்கார வைத்து வண்டியைத் தூக்கவே கூடாது. குழந்தையை இறக்கி, வண்டியை மடக்கி, தனித்தனியாகக் கொண்டுபோங்கள்.

6. கப்பல், படகு ஆடும்போது குழந்தை மடியில்தான் இருக்க வேண்டும். உயிர்காப்பு உடை குழந்தை அளவில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் உடை குழந்தைக்குக் கழன்றுவிடும்.

7. வண்டியை உள்ளே கொண்டுபோகலாமா, சுமையோடு போட வேண்டுமா, எடையில் சேர்ப்பார்களா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்.

நம்ம வீட்டுச் சேலை

வண்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழைய நூல் சேலை போன்ற துணியால் குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பழக்கம் நம் நாட்டு மலைப்பகுதிகளிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் இன்றும் இருக்கிறது. இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் தாங்கும் எடை, இரண்டு தோளுக்கும் முதுகுக்கும் பிரிந்துவிடும். இரண்டு கையும் சும்மா இருக்கும். ஏறும் பலகையில் கைப்பிடியைப் பிடிக்கலாம்.

ஆனால் கவனம் வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணில் தெரிய வேண்டும். மூக்கைத் துணி மூடக் கூடாது. முகவாய் நெஞ்சில் ஒட்டக் கூடாது. பயணத்துக்கு முன் வீட்டில் நாலு நாள் கட்டிப் பழகுங்கள். முதுகு, முட்டி வலி உள்ளவர்கள் இதையும் செய்ய வேண்டாம்.

அக்காவுக்கு என்ன சொன்னோம்?

"பெரிய வண்டின்னா சிங்கப்பூர்லயே வச்சுட்டு வரச் சொல்லுங்க. ஒரு கையால மடக்கித் தூக்குற மாதிரி லேசான வண்டின்னா கொண்டுவரட்டும். வரிசையிலயும் யாழ்ப்பாண டவுன்லயும் நீங்க தள்ளிக்கிட்டுப் போங்க. கப்பல் ஏறுறப்ப மக பிள்ளையைச் சேலையில கட்டிக்கட்டும். வண்டிய மட்டும் கூட வர்ற யாராவது ஒரு ஆம்பளைகிட்டக் கொடுங்க" என்றோம்.

"மாப்பிள்ளைதான் வரலையே?" என்றார் அக்கா.

"உங்க வீட்டுக்காரர் வர்றாருல்ல? தாத்தா தூக்கட்டும்!"

இப்போதுதான் அக்கா சிரித்தார். "அவரா? அவரு வெத்தலைப் பெட்டியைத் தவிர எதையும் தூக்குனதில்லை. சரி, இந்தத் தடவை தூக்கச் சொல்றேன்" என்றார்.

சகோதரிகளே, பிள்ளையைத் தூக்குவது பெண்ணின் இடுப்புக்கு மட்டும் எழுதிவைத்த வேலை இல்லை. அப்பா தூக்கலாம், தாத்தா தூக்கலாம், மாமன் தூக்கலாம்.

அன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானமும் எழுதினோம். அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் எழுதும்போது, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள உறுப்பினர்களின் பெயரை முதலில் எழுதுவது. அப்படி ஒவ்வொருவருக்கும் கைமாற்றிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு உறுப்பினர்களைத் துணையாகப் போடுவது. "குழுப் பணத்துல வண்டி வாங்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். படியும் படகும் உள்ள இடங்களுக்கே நாம் அதிகம் போவதால் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

மூலையில் இருந்த அந்த இளம் உறுப்பினர் பெயரைத்தான் முதலில் எழுதினோம். அவர் பையன் அதற்குள் தீர்மானப் புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்!

உங்கள் குழுவிலும் இந்த மாதம் பேசிப் பாருங்கள். பிள்ளை இருப்பதால் பேர் கொடுக்காத உறுப்பினர் யார்? அவருக்குத் துணைபோக யார் கை நீட்டுவீர்கள்?