அன்போடு அறிவும் சேரட்டும்: பள்ளிகளில் பிராணிகள் நல மன்றம்

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, வாழை இலையில் பொங்கல் வைப்பது நம் வழக்கம். பிள்ளைகள் ஆசை ஆசையாக அள்ளி அள்ளி ஊட்டுவார்கள். அளவு மீறினால் மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகும். அசைபோடுவது நின்று, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு மாடு படுத்துவிடும். உயிருக்கே ஆபத்தாகலாம். ஊட்டிய பிள்ளைக்கு அன்பில் குறையில்லை. ஒரு கைப்பிடி போதும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்லித்தர ஏற்ற இடம் பள்ளிக்கூடத்துப் பிராணிகள் நல மன்றம்.

மதுரையில் பிறந்தவர்

இங்கிலாந்தில் 1875இலேயே சிறுவர்களுக்கான கருணைக் குழுக்கள் தொடங்கிவிட்டன. நம் நாட்டில் இந்த வேலைக்குச் சட்டத்தின் பலம் கிடைக்கக் காரணமானவர் 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்தால் பெயர் பெற்ற அவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்த வாரியம் ஆண்டுதோறும் ஜனவரி 14 முதல் 31 வரை பிராணிகள் நல இருவாரம் கடைப்பிடிக்கிறது. மாட்டுப் பொங்கலும் அதற்குள் வருவதால் மன்றம் தொடங்க நல்ல சமயம். தனி மன்றம் முடியாத பள்ளிகள், ஏற்கனவே உள்ள தேசிய பசுமைப்படையிலேயே இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மன்றத்தில் என்ன கற்கலாம்?

* தண்ணீர்: கலப்பினக் கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். தொட்டியைத் தினமும் கழுவி நிரப்பும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடலாம்.

* வேலை நேரம்: 1965ஆம் ஆண்டு விதிகளின்படி வண்டி மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. மேலூர், திருமங்கலம் பக்கம் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

* நாய்க்கடி: தெருநாய்க்குச் சோறு வைக்கும் பிள்ளை, தூங்கும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்கக் கூடாது என்று அறிய வேண்டும். நாய் கடித்தால், பிறாண்டினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். அடி விழுமோ என்று பயந்து வீட்டில் மறைக்கக் கூடாது.

* உதவி: மாடு, ஆடு நோயுற்றால் 1962 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

"அப்பா, உச்சி வெயில்ல மாட்டைப் பூட்டாதீங்க" என்று மகள் சொன்னால், கூலி போய்விடுமே என்ற கவலை வருவது இயல்பு. விடியற்காலையில் பூட்டி 11 மணிக்கு அவிழ்த்துவிட்டு, வெயில் தணிந்ததும் மறுபடி பூட்டினால் வேலையும் முடியும், மாடும் தளராது. "சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று அதட்டிவிட்டால், பள்ளியில் படித்தது வாசலோடு நின்றுவிடும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படி மன்றம் நடக்கிறதா? பிள்ளைகளுக்கு எழும் சந்தேகங்களைக் கேள்வி பதில் பகுதிக்கு எழுதச் சொல்லுங்கள்.