கஞ்சியும் கால்வாயும்

எண்ணூரிலிருந்து பழவேற்காட்டை நோக்கிக் கடலையொட்டிச் செல்லும் கால்வாயைத் திருவள்ளூர் மாவட்டத்து மாணவர் பலர் கண்டிருப்பர். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி வழியாக ஆந்திர நாட்டினுள் செல்லும் இந்நீர்வழியில், ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் நிறைந்திருந்தன. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய இக்கால்வாய்க்குப் ‘பக்கிங்காம் கால்வாய்’ என்னும் பெயர் 1878இல்தான் வாய்த்தது. அப்பெயரின் பின்னே ஒரு பெரும்பஞ்சத்தின் வரலாறு உண்டு.

1876இல் பருவமழை பொய்த்தது. அது தாது ஆண்டு; ஆதலின் ‘தாது வருடப் பஞ்சம்’ என்பர். மறு ஆண்டும் மழை தவறிற்று. திருவள்ளூர் வழியே 1856 முதல் புகைவண்டி ஓடிக்கொண்டிருந்தது. வண்டி தானியத்தைச் சுமந்து வந்தது மெய்யே. ஆயினும் விலை ஏறிற்று; பயிர் கருகியமையால் கூலி இழந்த உழவனிடம் காசு இல்லை. கடற்கரையில் மூட்டைகள் குவிந்திருக்க, மக்கள் பட்டினியால் மாண்டனர்.

பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தல் நம்மவர்க்குப் புதிதன்று. 1782இல் ஐதர் அலியின் போரினால் பஞ்சம் நேர்ந்தபோது, சென்னையில் ஒரு கஞ்சிச்சாலை எழுந்தது. ஊர் மணியகாரரின் பொறுப்பில் இருந்தமையால் அது ‘மணியகாரர் சத்திரம்’ எனப் பெயர் பெற்றது. அதனையொட்டித் தோன்றிய மருத்துவ நிலையமே பின்னர் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. மக்களோ அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி’ என்றே வழங்கினர். ஏட்டில் எழுதிய பெயரினும் மக்கள் நாவில் வழங்கும் பெயரே சில வேளைகளில் வரலாற்றை நன்கு காக்கின்றது! 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலை நிறுவினார். அங்கு வந்தவரை நோக்கி, ‘நீ உழைக்க வல்லவனா?’ என்று வினவுவார் இலர்.

ஆங்கிலேயர் பயின்ற நெறி வேறு. அவர் நாட்டில் 1601இல், எலிசபெத்து அரசியார் காலத்தில், ஏழையர் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் ஏழைகளைத் தானே காத்தல் வேண்டும். அதற்கென உடைமையாளரிடம் வரி தண்டுதல் வேண்டும். முதியோர்க்கு உதவியும், வலியோர்க்கு வேலையும், சிறுவர்க்குத் தொழிற்பயிற்சியும் அளித்தல் வேண்டும் என்பது அச்சட்டம். வறியோரைக் காப்பது ஈவோரின் விருப்பமன்று, ஊரின் கடமை என்று அது விதித்தது. 1834இல் இந்நெறி கடுமையாயிற்று. உதவி வேண்டுவோர் உழைப்பில்லம் புகவேண்டும்; அங்குள்ள வாழ்வு, வெளியே வாழும் மிக வறிய கூலியாளின் வாழ்வினும் தாழ்ந்திருக்க வேண்டும் என்றனர். சோம்பர் வந்து சேராதிருக்கவே இத்தடை!

1877இல் இத்தடை இங்கும் வந்தது. இந்திய அரசினர் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 1 இராத்தல் தானியமும் 1 அணாவும் போதும் என்றார். இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். வெயிலில் மண் சுமப்பவனுக்கு இஃது எங்ஙனம் போதும்? சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ், ஒன்றரை இராத்தலேனும் வேண்டும், காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதிட்டார். அதன்பின் சென்னை அரசினர் தானியத்தை ஒன்றேகால் இராத்தலாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தனர். அவர் கேட்டதில் பாதியே கிடைத்தது. எனினும் அப்பாதியால் பிழைத்த உயிர்கள் பலவாதல் வேண்டும்.

அக்காலத்துப் பஞ்ச வேலைகளுள் ஒன்றே கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட கால்வாய்ப் பகுதி. 1877, 1878ஆம் ஆண்டுகளில் பசித்த மக்கள் அதனை வெட்டினர். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் அதனால் இணைந்தன. வெட்டியவர் பெயர் எதுவும் நிலைக்கவில்லை. ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனார் பெயர் நிலைத்தது.

இப்பஞ்சத்தில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அமைந்த பஞ்ச ஆணைக்குழு 1880இல் தன் அறிக்கையை அளித்தது. பஞ்சம் வந்தவுடன் வேலையும் கஞ்சியும் அளிக்கும் விதிகள் அதனால் உருவாயின. ஆயினும், உதவி பெறுதல் ஏழையின் உரிமை என்பதனை அக்குழு ஏற்கவில்லை. பஞ்ச காலத்தில் அவ்வுரிமையை ஒப்பின், எக்காலத்தும் கேட்பர் என அஞ்சியது. தம் நாட்டில் 1601இலேயே ஊரின் மேல் சுமத்திய கடமையை, ஆண்ட நாட்டில் ஏற்க அவர்கள் துணியவில்லை. நாட்டுப்புறக் குடும்பத்திற்கு ஆண்டில் 100 நாள் வேலை கேட்கும் உரிமையைச் சட்டம் தந்தது, 2005ஆம் ஆண்டில்.