முன்சக்கரத்துக்குள் ஆறு குண்டுகள்

தங்காக்கிலிருந்து சாகில் போகும் தார்ச்சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கினால், பழைய ஃபோர்வீல் வண்டிகளின் மதிப்பு புரியும். லேண்ட் குரூசர், ஹைலக்ஸ், பஜேரோ, சின்ன ஜிம்னி என்று எதுவானாலும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக் டக்’ என்று கேட்டால், குனிந்து பார்க்காமலே பட்டறை போமன் சொல்லிவிடுவார்: சிவி ஜாயிண்ட் போச்சு.

சொல்வது சரிதான். ஆனால் அது ஏன் போனது என்று கேட்காமல் புதிதை வாங்கி மாட்டினால், அதே சத்தம் சீக்கிரமே திரும்பி வரும்.

ஃபோர்வீல் வண்டியின் முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. என்ஜின் தரும் விசையில் சுழல வேண்டும். சுழன்றுகொண்டே இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். அதனால் சக்கரத்துக்குப் போகும் தண்டு நடுவில் மடங்கியாக வேண்டும். மடங்கும் இணைப்பு பல நூற்றாண்டுப் பழசு. சிலுவை வடிவத் துண்டு ஒன்று இரண்டு தண்டுகளையும் கவ்விப் பிடித்திருக்கும். அதில் ஒரு குறை. தண்டு 30 பாகை மடங்கிய நிலையில், என்ஜின் பக்கம் நிமிடத்துக்கு 100 சுற்று என்று சீராகச் சுழன்றாலும், சக்கரத்தின் பக்கம் ஒரே வேகத்தில் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, சுமார் 87க்கு இறங்கி 115க்கு ஏறும். முன்அச்சில் இந்த இணைப்பு வைத்த பழைய லேண்ட் ரோவரை ஃபோர்வீலில் போட்டு ஒடித்துத் திருப்பினால், அந்தத் துடிப்பு ஸ்டியரிங் பிடித்த கைக்கே தெரியும்.

இதற்கு ஃபோர்டு நிறுவனத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா 1926இல் விடை கண்டார். கிண்ணம் போன்ற வெளிக்கூடு, உள்ளே ஒரு உருண்டைக்கட்டை, இரண்டிலும் வளைந்த ஆறு பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒன்றாக ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகளைப் பிடித்து நிறுத்த ஜன்னல் வைத்த ஒரு வளையம். தண்டு எந்தக் கோணத்தில் மடங்கினாலும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே ஆறு குண்டுகளும் போய் நிற்கும்படி பள்ளங்களின் வளைவு அமைந்திருக்கிறது. அந்தத் தளத்தில் ஒவ்வொரு குண்டும் இரண்டு தண்டுகளின் அச்சிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே வேகம்; ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மாறாத வேகம் தரும் இந்த இணைப்புதான் சிவி ஜாயிண்ட். இரண்டாம் உலகப்போரின் ஜீப்புகள் பலவற்றில் இது ஓடியது. 1959இல் வந்த மினி கார் இதைச் சாதாரண மக்களின் காருக்குள் கொண்டுவந்தது. வடிவியலை எஃகில் இவ்வளவு அழகாக வார்த்த பொருள் வண்டியில் வேறு எதுவும் இல்லை என்பேன்.

இந்த அழகைக் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு கருப்பு உறை. பட்டறையில் ‘பூட்’ என்பார்கள். அது கிழிந்தால் உள்ளே இருக்கும் மாலிப்டினம் கலந்த கருங்கிரீஸ் சுழற்சியில் வெளியே தெறிக்கும். தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். இங்கே பக்கத்தில் நிற்கும் லேடாங் மலை கருங்கல் மலை. கருங்கல் சிதைந்தால் மிஞ்சுவது குவார்ட்ஸ் மணல். பதப்படுத்திய குண்டின் எஃகைவிட அது கடினமானது. உள்ளே புகுந்துவிட்டால் குண்டு உருளும் பாதையை அரைத்துக் குழியாக்கிவிடும். முழு ஒடிப்பில் குண்டு அந்தக் குழியில் விழுந்து ஏறுவதுதான் ‘டக் டக்’.

பால்மரம் சீவிப் பிழைத்த இந்த வட்டாரத்துக்கு இன்னொரு செய்தி. அந்த உறையை இயற்கை ரப்பரில் செய்ய முடியாது. கிரீஸில் உள்ள எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். காற்றிலுள்ள ஓசோன் அதை வெடிக்க வைக்கும். அதனால்தான் 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் உருவான நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரையும், பின்னாளில் வந்த பிளாஸ்டிக் வகைகளையும் பயன்படுத்துகிறார்கள்.

பஜேரோ போன்ற வண்டிகளில் உறை வெளியே தெரியும். சக்கரத்தைத் திருப்பி, மடிப்புகளை விரித்து, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். சக்கரத்தின் உள்பக்கம் கருங்கிரீஸ் தெறித்திருந்தால் கிழிந்துவிட்டது என்று பொருள். சத்தம் வருமுன் கவனித்தால் உறையையும் கிரீஸையும் மட்டும் மாற்றிக் காப்பாற்றலாம். வண்டியை அளவுக்கு மீறி உயர்த்தியவர்களுக்கு உறை அடிக்கடி கிழியும்; தண்டின் கோணம் கூடி மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும்.

1990களின் லேண்ட் குரூசர் 80இல் கதை வேறு. ஜாயிண்ட் திடஅச்சின் முனையில் உள்ள இரும்பு உருண்டைக்குள் இருக்கும். ரப்பர் உறை கிடையாது. அங்கே எதிரி உள்ளிருந்தே வருவான். அச்சுக்குள் இருக்கும் ஆயில் சீல் தளர்ந்தால் கியர் ஆயில் கசிந்து, கிரீஸ் கஞ்சித்தண்ணி போல ஓடிவிடும். சக்கரம், பிரேக், ஹப், ஸ்பிண்டில் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் ஜாயிண்டை வெளியே இழுக்க முடியும். அவ்வளவு கழற்றியபின் சீலை மாற்றாமல் மூடுவது கூலியை வீணாக்குவது. பழைய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, குண்டுப் பாதையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் புதிது வேண்டும். வளையத்தின் ஜன்னல் மூலையில் கீறல் இருந்தாலும் அப்படியே. பளபளப்பான தேய்மானம் மட்டும் என்றால் இடது ஜாயிண்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம். முன்னோக்கி ஓடும்போது இதுவரை சுமை தாங்காத பள்ளச் சுவர் இனித் தாங்கும். பழைய போமன்களுக்குத் தெரிந்த சிக்கனம் இது.

பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் ஜப்பான் ஜாயிண்ட் மலிவான புதியதைவிட நன்றாக உழைக்கலாம். ஆனால் கழுவி, நக சோதனை செய்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். மாட்டும்போது சிவி ஜாயிண்டுக்கென்று உள்ள மாலிப்டினம் கிரீஸையே போடச் சொல்லுங்கள். வீல் பேரிங் கிரீஸ் இந்த வேலைக்கு ஆகாது.