சுவிட்ச் எழுதும் குறிப்பேடு

மலாக்காவில் 1896ஆம் ஆண்டு தான் சாய் யான் ரப்பர்க் கன்றுகளை நட்ட புக்கிட் லிந்தாங் முதலாய தோட்டங்களில், விடியற்காலைப் பெரட்டுக்கு வந்தவர் வராதவரைக் கிராணியார் செக்ரோலில் குறித்துக்கொண்டதுபோல, இன்று தோட்ட ஆபீசுகளிலும் தமிழ்ப் பள்ளிகளின் கணினி அறைகளிலும் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் சுவிட்ச், தன்னோடு பிணைத்த கேபிள்களில் எது உயிரோடிருக்கிறது, எது அறுந்தது என்பதை ஓயாமல் எழுதிவருகிறது. அதை எடுத்துப் படிப்பவர்தாம் அரியர்.

சிஸ்கோ வகைச் சுவிட்சுகளில் ஒவ்வொரு வரியும் நேரத்தோடு தொடங்கி, செய்தியை எழுப்பிய பகுதியின் பெயர், கடுமையைக் காட்டும் ஓரிலக்க எண், நிகழ்ச்சியின் சுருக்கப் பெயர் என்ற கிரமத்தில் சென்று, ஒரு சிறு விளக்கத்தில் முடியும். எண் 0 முதல் 7 வரை. சிறிய எண்ணே பெரிய அபாயம். 0 என்றால் யந்திரமே உபயோகமற்றுப்போன ஸ்திதி, 3 பிழை, 4 எச்சரிக்கை, 7 பழுது தேடுவோருக்கு மட்டுமான விவரம். 1980களில் எரிக் ஆல்மன் ‘சென்ட்மெயில்’ என்னும் தபால் மென்பொருளுக்காக வகுத்த ‘சிஸ்லாக்’ முறையின் வழிவந்த தராதரம் இது.

இவ்வெண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது என்பதே என் அபிப்பிராயம். ஆசிரியர் கணினியை அணைத்தாலும், கேபிளை எலி கடித்தாலும், சுவிட்ச் எழுதுவது ‘லிங்க்-3-அப்டவுன்’ என்ற ஒரே வரிதான். யாரோ அமைப்பை மாற்றிவிட்டார் என்ற செய்தியோ, பல வேளைகளில் அதுவே மூல காரணமாயிருந்தும், வெறும் 5தான்.

ஒரே கேபிளின் இரு முனைகளையும் சுவரிலுள்ள இரண்டு துளைகளில் யாரேனும் செருகிவிட்டால், தகவல்கள் முடிவின்றிச் சுழன்று வலையமைப்பே ஸ்தம்பித்துவிடும். இதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் கண்ட ‘ஸ்பேனிங் ட்ரீ’ முறையின் துணையோடு, காவல் அமைத்த சுவிட்ச், தான் அனுப்பிய செய்தியே தன்னிடம் திரும்பி வருவதைக் கண்டு, அது வந்து நுழைந்த துளையாகிய போர்ட்டை மூடிவிடுகிறது. அப்போது முதலில் ‘ஸ்பேன்ட்ரீ-2’ என்றும், அடுத்து ‘பிஎம்-4-எர்-டிஸேபிள்’ என்றும் எழுதி, கடைசியில்தான் ‘லிங்க்-3’ என்கிறது. கடைசி வரியை மட்டும் பார்த்தவர் கேபிளை மாற்றி மாற்றிச் சலித்துப்போவார். மேலே நாலு வரி படித்தவரோ வேண்டாத முனையைப் பிடுங்கிவிட்டு, போர்ட்டை மறுபடி திறந்துவிடுவார்.

ஆகவே எண்ணைக் காட்டிலும் வரிசையும் நேரமும் முக்கியம். மலாக்காவிலோ அந்த நேரத்துக்குத்தான் ஆபத்து. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் பிற்பகல்களில் இடியும் மின்னலுமாய்க் கொட்டி மின்சாரம் போய்த் திரும்பினால், பாட்டரி வைத்த கடிகாரம் இல்லாத சுவிட்ச் தன் காலத்தை மறந்து, 1993 மார்ச் 1இலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். நேரத்தின் முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறி, ‘இதை நம்பவேண்டாம்’ என்பதற்கு அடையாளம். மின்சாரம் போகுமுன் எழுதியவையும் தற்காலிக நினைவகத்தோடு அழிந்துபோகும்.

நேரத்தை வலையமைப்பு வழியே ஒத்துக்கொள்ளச் செய்வதும், செய்திகளை வேறொரு கணினிக்கு அனுப்பி வைப்பதுமே பரிகாரம். அவை வழக்கமாக யுடிபி 514ஆம் வாயில் வழியே, சேர்ந்ததா என்று கேளாமலே போகின்றவையாதலால், பெறும் கணினியையும் சுவிட்சையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுவது உத்தமம். கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த செப்புக் கேபிளுக்குப் பதிலாக ஃபைபர் போட்டால், மின்னல் அவ்வழியே ஏறி வருவதும் நிற்கும்.