உங்கள் திருத்தத்துக்குத் தனிக் கோப்பு

டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வரை அப்டேட் செய்யும்போது சில சமயம் பாதியில் திரை நின்றுவிடும். ஓர் அமைப்புக் கோப்பை நீங்களும் மாற்றியிருக்கிறீர்கள், புதிய பதிப்பிலும் அது மாறி வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கும். எதைச் சொன்னாலும் ஏதோ ஒன்றை இழக்க நேரும்.

லினக்ஸில் அமைப்புக் கோப்புகளின் இடம் 'எட்சி' கோப்புறை. மென்பொருளோடு வரும் இயல்பு அமைப்பும் அட்மின் செய்யும் திருத்தமும் அங்கே ஒரே கோப்பில் கலந்து கிடப்பதுதான் சிக்கலின் வேர். டெபியனில் மென்பொருளை நிறுவும் 'டிபிகேஜி', கோப்பு முதலில் வந்தபோது இருந்த எம்டி5 என்ற சரிபார்ப்பு மதிப்பைக் குறித்து வைத்திருக்கும். நீங்கள் கோப்பைத் தொடவில்லை என்றால் புதியதைத் தானே போட்டுவிடும். இரு பக்கமும் மாறியிருந்தால்தான் கேட்கும். பழையதே போதும் என்றால் பாதுகாப்புக்காகப் புதிதாகச் சேர்த்த வரிகள் வந்து சேராது. புதியதை ஏற்றால் உங்கள் கோப்பு வேறு பெயரில் ஓரமாக ஒதுங்கிவிடும். ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸ்களில் அதே வேலையைச் செய்யும் ஆர்பிஎம் கேட்பதே இல்லை. பல நேரம் புதிய கோப்பை 'ஆர்பிஎம்நியூ' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடும். தேடிப் பார்ப்பவர் கண்ணில் பட்டால் உண்டு.

2010-ல் வந்த, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இதற்கு நல்ல வழியைப் பரவலாக்கியது. மென்பொருளோடு வரும் கோப்பு 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் இருக்கும். அதில் யாரும் கை வைப்பதில்லை. ஒரு சேவை நின்றுபோனால் தானாக மறுபடி தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளையைக் கொடுத்து இரண்டே வரி எழுதினால் போதும். அது 'எட்சி'க்குள் தனிச் சிறு கோப்பாகச் சேமிக்கப்படும். அப்டேட்டில் மூலக் கோப்பு முழுதாக மாறினாலும் உங்கள் இரண்டு வரிக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவு நாளில் எதையெல்லாம் மாற்றினோம் என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பேக்கப் எடுப்பதும் எளிது.

ஆனால், பிரித்து வைத்தால் மட்டும் போதாது. முரண்படும் இரு வரிகளில் எது செல்லும் என்பதில் மென்பொருள்களிடையே ஒற்றுமை இல்லை. சிஸ்டம்டி கோப்புப் பெயர்களை வரிசைப்படுத்திப் படிக்கும். பெரும்பாலான அமைப்புகளில் கடைசியாக வருவதே செல்லும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சின் 8.2 பதிப்பும் 2020-ல் சிறு கோப்புகளைச் சேர்த்துப் படிக்கும் வசதியைத் தந்தது. ஆனால் அதன் சர்வரில் முதலில் வருவதே செல்லும். கிளவுட் சர்வர் ஒன்றில் 50 என்று தொடங்கும் கோப்பு பாஸ்வேர்டு நுழைவை ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது என்றால், 99 என்று தொடங்கும் கோப்பில் அதைத் தடுத்து எழுதிப் பயனில்லை. அட்மின் பூட்டிவிட்டதாக நினைப்பார். கதவு திறந்தே கிடக்கும்.

எனவே, இறுதியில் எந்த மதிப்பு நடைமுறையில் இருக்கிறது, அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை ஒரே கட்டளையில் காட்டுவதும் மென்பொருளை எழுதுபவரின் கடமை. சிஸ்டம்டியில் எந்தக் கோப்பு எதை மாற்றுகிறது என்று காட்ட 'சிஸ்டம்டி-டெல்டா' போன்ற கருவிகள் உண்டு. எஸ்எஸ்எச் சர்வரின் '-T' சோதனை முறை மதிப்பைக் காட்டும். கோப்பின் பெயரைச் சொல்லாது. புதிதாக மென்பொருள் எழுதுவோர் கோப்புகளைப் பிரிக்கும் முதல் நாளே இந்தக் கட்டளையையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.