வேகம் மட்டும் போதுமா?

அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூன் 15-ல் போடிக்குத் திரும்பியது. தண்டவாளம் அகன்றது, பாட்டாளிக்கு வழி அகன்றதா?

ரயில் நிலைய வைஃபை 2016-ல் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. முதல் 30 நிமிடம் இலவசம், பிறகு காசு! நுழையவோ, கைபேசிக்குக் கடவு எண் வரவேண்டும். ரீசார்ஜ் தீர்ந்து, குறுஞ்செய்தியும் நின்றுபோனவனுக்கல்லவா இலவச வைஃபை தேவை? அவனிடமே குறுஞ்செய்தியைக் கேட்பது என்ன நியாயம்?

போடியில் ஏலக்காய் கணினித் திரையில் ஏலம் போகிறது. வியாபாரிக்கு நொடியில் விலை தெரிகிறது. அதைப் பறிக்க விடியுமுன் ஜீப்பேறி போடிமெட்டு கடப்பவளுக்கு மட்டும் வாசலில் பூட்டா?

வேகத்தைக் கூட்டுங்கள், வரவேற்கிறோம்! கூடவே, அடையாள அட்டையைப் பார்த்து கவுண்ட்டரிலேயே கடவு எண் கொடுங்கள். பாதை அகன்றால் போதாது, கதவும் திறக்கவேண்டும்!