ஒரே இடம், இரண்டு ஒலி: பழைய பிக்கப்பில் புது ஸ்பீக்கர்

மாணவர்களே, சுங்கை பினாங்கில் உங்கள் தாத்தா வீட்டு வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. சாயமும் புதிது. டேஷ்போர்டு வானொலி மட்டும் பேசுவதில்லை. மாமா ஒரு புதிய ஸ்டீரியோவை வாங்கி வந்துவிட்டார். அதன் பின்புறத்தில் இடது ஸ்பீக்கருக்கு இரண்டு கம்பிகள், வலது ஸ்பீக்கருக்கு இரண்டு கம்பிகள். டேஷ்போர்டிலோ ஸ்பீக்கர் வைக்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது.

“இடது கம்பியையும் வலது கம்பியையும் சேர்த்து முறுக்கி, ஒரே ஸ்பீக்கரில் கொடுத்துவிடலாமே” என்கிறார் மாமா.

நீங்கள் உடனே அவர் கையைப் பிடிக்க வேண்டும். ஏன் என்பதற்கான விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஏன் ஒரே ஸ்பீக்கர்?

ஐரோப்பாவின் முதல் கார் வானொலியை 1932இல் ஜெர்மனியின் புளோபுங்க்ட் வெளியிட்டது. அதிலிருந்து பல ஆண்டுகள் வண்டி வானொலி என்றால் ஒற்றை ஒலிதான். அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பே 1961இல்தான் தொடங்கியது. எனவே செவ்ரோலெட் சி10 போன்ற 1960களின் பிக்கப்களில், டேஷ்போர்டின் நடுவில் ஒரு நீள்வட்ட ஸ்பீக்கர் போதுமானதாக இருந்தது. அது மேல்நோக்கிப் பாடும். ஒலி முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் காதுக்கு வரும். படிவம் 4இல் படிக்கும் அலை எதிரொளிப்பு இதுதான்.

இந்தக் கதையில் பினாங்குக்கும் பங்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் வணிக மண்டலத்துக்கு முதலில் வந்த எட்டு மின்னணு நிறுவனங்களில், கார் வானொலி செய்யும் கிளாரியனும் போஷும் இருந்தன. புளோபுங்க்ட் அப்போது போஷின் நிறுவனம்.

கம்பிகளைச் சேர்த்தால் என்ன ஆகும்?

ஸ்டீரியோவுக்குள் இடது ஒலிக்கு ஒரு பெருக்கி, வலது ஒலிக்கு ஒரு பெருக்கி எனத் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு கணத்தில் இடது பெருக்கி 5 வோல்ட்டும் வலது பெருக்கி 1 வோல்ட்டும் கொடுக்கின்றன என்று கொள்வோம். இரண்டையும் முறுக்கினால், 4 வோல்ட் வித்தியாசம் வெறும் கம்பியின் மேல் விழும். கம்பியின் தடை 0.1 ஓம் என்றால், ஓம் விதிப்படி 4 ÷ 0.1 = 40 ஆம்பியர் ஓட வேண்டும்! அவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுக்கப் பெருக்கியால் முடியாது. பாதுகாப்புச் சுற்று இருந்தால் அது ஒலியை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் பெருக்கிச் சில்லு சூடேறிக் கருகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய வானொலிகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். புதிய ஸ்டீரியோவில் அப்படிச் செய்யக்கூடாது. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

எஞ்சின் ஓடும்போது வண்டியில் சுமார் 14 வோல்ட் கிடைக்கும். ஒரு பெருக்கி தனியாக வேலை செய்தால், நடுப்புள்ளியிலிருந்து மேலே 7, கீழே 7 வோல்ட்தான் அசைய முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறத்தாழ 6 வாட் மட்டுமே. அதனால் பொறியாளர்கள் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெருக்கியை வைத்தார்கள். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். மின்னழுத்தம் இரு மடங்கு, திறன் நான்கு மடங்கு: ஏறத்தாழ 24 வாட். ஆகவே “மைனஸ்” என்று குறித்த கம்பியிலும் பெருக்கி வேலை செய்கிறது. அது வண்டியின் உடலைத் தொட்டால் குறுக்குச்சுற்றுதான்.

பெட்டியில் “50 வாட்” என்று போட்டிருக்கிறதே என்கிறீர்களா? 14 × 14 ÷ 4 = 49. மின்னழுத்தம் முழு நேரமும் உச்சத்திலேயே நின்றால்தான் அந்த எண் வரும். இசை அப்படி நிற்பதில்லை.

ஒரே கூம்பில் இரண்டு சுருள்

அப்படியானால் வழி என்ன? இரட்டைச் சுருள் ஸ்பீக்கர். சாதாரண ஸ்பீக்கரில் காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். மின்னோட்டம் பாயும்போது சுருளின் மேல் விசை பிறந்து, அதோடு ஒட்டிய கூம்பு அசையும். இது படிவம் 5 மின்காந்தவியல். இரட்டைச் சுருள் ஸ்பீக்கரிலோ, ஒரே கூம்போடு ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள்கள் ஒட்டியிருக்கும். இடது ஒலி ஒன்றுக்கு, வலது ஒலி மற்றதற்கு. மின்னோட்டங்கள் கலப்பதில்லை, விசைகள் மட்டும் கூம்பில் ஒன்றுசேர்கின்றன. ஒவ்வொரு பெருக்கிக்கும் அதற்கு வேண்டிய 4 ஓம் கிடைக்கிறது. டேஷ்போர்டையும் வெட்ட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஒரு சுருளின் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் இரண்டு விசைகளும் எதிரெதிராக இழுக்கும். பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கத்திலும் சமமாகவே பதிவாகியிருக்கும். ஆகவே குரல் ஏறக்குறைய மறைந்து, வாத்தியங்கள் மட்டும் கேட்கும். மின்னல் எஃப்எம்மில் பாட்டு ஓடியும் பாடுபவரைக் காணோம் என்றால், எந்தக் கம்பியை மாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

மாமாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை

முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வண்டி 1960களின் பிரிட்டிஷ் வண்டியா என்று கேளுங்கள். அவற்றில் பலவற்றில் பிளஸ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். புது ஸ்டீரியோவை அப்படியே இணைத்தால் கெட்டுவிடும். பழைய ஒற்றைக் கம்பியைப் பயன்படுத்தாமல், ஸ்பீக்கருக்கு நான்கு புதுக் கம்பிகளை இழுக்க வேண்டும். பயன்படாத கம்பிகளின் முனைகளைத் தனித்தனியே நாடாவால் மூட வேண்டும். மின் இணைப்பில் உருகி கட்டாயம்.

ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சுப் பட்டை ஒட்டுவதும் நல்லது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இடையில் சந்து இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, கனத்த ஒலி குறைந்துவிடும்.

வீட்டில் ஒரு சோதனை

பழைய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, 1.5 வோல்ட் மின்கலத்தின் கம்பிகளை ஒரு நொடி மட்டும் அதன் முனைகளில் தொட்டுப் பாருங்கள். “டக்” என்ற சத்தத்தோடு கூம்பு அசையும். அது வெளியே வந்தால், மின்கலத்தின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். கம்பிகளை மாற்றித் தொட்டால் உள்ளே போகும். எந்தப் பக்கம் போகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாமா ஸ்பீக்கரை மாட்டும் நாளில் அந்தக் குறிப்பு தேவைப்படும்.